செஞ்சிலுவை கண்ட செம்மல் ஹென்றி டுனாண்ட்



வெள்ளைத் துணியின் நடுவே சிவப்பு நிறத்தில் ஒரு சிலுவை. அல்லது சிவப்பு நிறத்தில் ஓர் இளம்பிறை. இவ்விரு சின்னங்களையும் அறியாதார் நம்முள் இலர். ஆறு பெருகி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்த நாள்களில் உணவும் போர்வையும் கொண்டு வருவோரின் சட்டையில் அதனைக் காண்கிறோம். விளையாட்டுப் போட்டி நாளில் மயங்கி விழும் மாணவனைத் தூக்கிச் செல்லும் தோழர்களின் கையிலும் அதனைக் காண்கிறோம். இச்சின்னம் எங்கே பிறந்தது? யார் கண்ணீரில் பிறந்தது? இதனைத் தெரிந்துகொள்ள வேண்டுமாயின், நாம் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

அவர் அரசர் அல்லர், படைத்தலைவர் அல்லர், மருத்துவரும் அல்லர். வாணிகத்தில் தோற்றுக் கடனாளியாகி, பிறந்த ஊரை விட்டு நீங்கி, முதுமையில் ஒரு சிற்றூர் மருத்துவமனையின் அறையில் அடங்கிவிட்டவர். ஆயினும் உலகத்து அரசுகள் யாவும் இன்று ஏற்றுக்கொண்டுள்ள ஓர் அறத்தை நாட்டியவர் அவரே. அன்னாரின் பெயர் ஹென்றி டுனாண்ட்.

இளமைப் பருவம்

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனிவா நகரில், 1828ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் டுனாண்ட் பிறந்தார். குடும்பம் வசதி படைத்தது. அதனினும் மேலாக, இரக்கம் படைத்தது. தந்தையார் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் சிறை மீண்டோருக்கும் உதவி வந்தார். தாயார் ஏழைகளையும் நோயாளிகளையும் நாடிச் சென்று தொண்டு செய்தார். சிறுவனாக இருந்தபோது தந்தையுடன் பிரான்சின் தூலோன் துறைமுகத்திற்குச் சென்ற டுனாண்ட், அங்குக் கைதிகள் பட்ட துன்பத்தைக் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

பள்ளிப் படிப்பில் அவர் சிறந்து விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. மதிப்பெண் குறைந்தமையால் கல்லூரியை விட்டு விலகி, வங்கி ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். ஆனால், ஓய்வு நேரத்தை அவர் வீணாக்கவில்லை. நண்பர்களைக் கூட்டி ஏழைகளின் இல்லங்களுக்கும் சிறைச்சாலைக்கும் சென்று வந்தார். 1852இல் ஜெனிவாவில் கிறித்துவ இளைஞர் சங்கத்தை நிறுவினார். 1855இல் பாரிசு நகரில் அச்சங்கங்கள் யாவும் ஓர் உலக அமைப்பாக இணைந்தபோது, அதற்காகப் பாடுபட்டவர்களுள் அவரும் ஒருவர். நாடு கடந்து மனிதர்களை ஒன்று சேர்க்கும் ஆற்றல் அவரிடம் இளமையிலேயே வேரூன்றியிருந்ததை இதனால் அறிகிறோம்.

வங்கி வேலை அவரை வட ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியாவுக்கு அழைத்துச் சென்றது. அந்நாடு அப்போது பிரான்சின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அங்கு நிலம் பெற்று மாவு ஆலை நடத்த முற்பட்ட டுனாண்டுக்கு நிலத்தைப் பற்றியும் தண்ணீர் உரிமையைப் பற்றியும் தடைகள் பல எழுந்தன. அதிகாரிகளிடம் நடந்து நடந்து சலித்த அவர், பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனையே நேரில் கண்டு முறையிடத் துணிந்தார். பேரரசரோ அவ்வேளையில் வட இத்தாலியில் போர்க்களத்தில் இருந்தார். தொழிலுக்காக ஒரு மனுவைச் சுமந்துகொண்டு டுனாண்ட் அங்கே புறப்பட்டார். இப்பயணமே அவர் வாழ்வைத் திசை திருப்பியது.

சோல்ஃபெரினோ போர்க்களம்

1859ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள். சோல்ஃபெரினோ என்னும் சிற்றூரைச் சூழ்ந்த குன்றுகளிலும் வயல்களிலும் ஒருபுறம் பிரெஞ்சுப் படையும் சார்டினியப் படையும், மறுபுறம் ஆஸ்திரியப் படையும் மோதின. இருதரப்பிலும் சேர்த்து 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்கள் அன்று களத்தில் நின்றனர். பொழுது சாய்வதற்குள் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டும் காயமுற்றும் கிடந்தனர்.

அன்று மாலை டுனாண்ட், களத்திற்கு அருகிலிருந்த காஸ்டிலியோன் என்னும் ஊரை அடைந்தார். காயமுற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் அவ்வூருக்குள் கொண்டுவரப்பட்டனர். கோயில்கள், வீடுகள், முற்றங்கள், தெருக்கள் யாவும் நிரம்பி வழிந்தன. மருத்துவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. தண்ணீர் இருந்தும் ஊட்டுவார் இன்றி வீரர்கள் தாகத்தால் துடித்தனர். உணவு இருந்தும் பசியால் வாடினர். கட்டுப் போடுவார் இன்றிக் காயங்கள் சீழ் கொண்டன.

டுனாண்ட் மருத்துவம் பயின்றவர் அல்லர். வெள்ளை உடை அணிந்து வந்த ஒரு வழிப்போக்கர், அவ்வளவே. தமக்கென்ன என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஊரின் பெரிய கோயிலுக்குள் நுழைந்து, பெண்களையும் சிறுமியரையும் திரட்டி, நீர் ஊட்டவும் காயங்களைக் கழுவவும் ஏற்பாடு செய்தார். அவ்வூர்ச் சிறுவர்கள் வாளிகளிலும் குடுவைகளிலும் ஊற்றுநீரை மொண்டு மொண்டு சுமந்து வந்தனர். மாணவர்களே, உங்கள் வயதை ஒத்தவர்களே அவர்கள்! டுனாண்ட் தம் வண்டியோட்டியை அண்மை நகருக்கு அனுப்பிச் சட்டைகளும் எலுமிச்சையும் சர்க்கரையும் மருந்து மூலிகைகளும் வாங்கி வரச் செய்தார். செலவு அவருடையது. இறக்கும் தறுவாயில் இருந்தோர் தம் தாய் தந்தையர்க்குச் சொல்லக் கருதிய செய்திகளைக் குறித்துக்கொண்டார்.

இவையனைத்தினும் மேலான ஒன்றும் அங்கு நிகழ்ந்தது. காயமுற்றவர்களுள் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். அவர்களின் பகைவரான ஆஸ்திரியரும் இருந்தனர். டுனாண்ட் இருவருக்கும் வேற்றுமை பாராட்டவில்லை. அதைக் கண்ட அவ்வூர்ப் பெண்களும், எல்லாரும் உடன்பிறப்புகளே என்று கூறி, எவன் எந்த நாட்டான் என்று கேளாமல் தொண்டு செய்தனர். சிறைப்பட்ட ஆஸ்திரிய மருத்துவர்களை விடுவித்துக் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளிக்க விடுமாறு டுனாண்ட் பிரெஞ்சுத் தலைமையிடம் வேண்டினார், அவ்வேண்டுகோளும் ஏற்கப்பட்டது. ஆயுதத்தை இழந்து வீழ்ந்த ஒருவன் இனி யாருக்கும் பகைவன் அல்லன் என்னும் உண்மை, ஒரு சிற்றூரின் கோயில் தரையில் அன்று நிலைநாட்டப்பட்டது.

ஒரு நூலும் இரு வினாக்களும்

ஊர் திரும்பிய டுனாண்டுக்கு உறக்கம் வரவில்லை. கண்டதை எல்லாம் எழுதினார். 1862இல் சோல்ஃபெரினோ நினைவுகள் என்னும் நூலைத் தம் சொந்தச் செலவில் 1,600 படிகள் அச்சிட்டு, ஐரோப்பிய நாடுகளின் அரசர்களுக்கும் அமைச்சர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் அறிஞர்களுக்கும் அனுப்பினார்.

அந்நூல் வெறும் அழுகையாக நின்றிருந்தால், படித்தோர் சிலர் கண்ணீர் சிந்திவிட்டு மறந்திருப்பர். டுனாண்ட் அழுகையோடு நிற்கவில்லை. இரண்டு வினாக்களை உலகின் முன் வைத்தார். போர் இல்லாத காலத்திலேயே ஒவ்வொரு நாட்டிலும் தொண்டர்களைப் பழக்கி ஆயத்தமாக வைத்துக்கொள்ளும் சங்கங்களை அமைக்கக் கூடாதா என்பது ஒன்று. அத்தொண்டர்களையும் காயமுற்றோரையும் எந்தப் படையும் தாக்காதவாறு நாடுகள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளக் கூடாதா என்பது மற்றொன்று. முதல் வினாவிலிருந்து பிறந்தவை செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள். இரண்டாவதிலிருந்து பிறந்தவை ஜெனிவா ஒப்பந்தங்கள்.

ஐவர் கூடிய குழு

நூலைப் படித்து நெஞ்சுருகியவர்களுள் குஸ்தாவ் மொய்னியே என்னும் வழக்கறிஞரும் ஒருவர். ஜெனிவாவின் பொதுநலச் சங்கத் தலைவர் அவர். 1863ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் ஐவர் கொண்ட குழு ஒன்று கூடியது. டுனாண்ட், மொய்னியே, படைத்தலைவர் டுஃபூர், மருத்துவர்கள் அப்பியா, மௌன்வார் ஆகியோரே அவ்வைவர். இக்குழுவே பின்னாளில் அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவாக வளர்ந்தது.

டுனாண்ட் ஓய்வறியாது நாடு நாடாகச் சென்றார். அமைச்சர்களின் வாயிலில் காத்திருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஜெனிவாவில் பல நாட்டுப் பேராளர்கள் கூடி, தொண்டர் சங்கங்களை அமைக்கவும், வெண்துணியில் சிவப்புச் சிலுவையைப் பொதுச் சின்னமாகக் கொள்ளவும் இசைந்தனர். அடுத்த ஆண்டு, 1864 ஆகஸ்டு 22ஆம் நாள், 12 அரசுகள் முதல் ஜெனிவா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. அதில் 10 விதிகளே இருந்தன. காயமுற்ற வீரன் எந்நாட்டவனாயினும் காக்கப்படல் வேண்டும். அவனைக் காப்போரையும் அவன் கிடக்கும் மருத்துவமனையையும் தாக்கலாகாது என்பதே அவற்றின் சாரம். கையொப்பமிட்டோரின் வரிசையில் டுனாண்டின் பெயர் இல்லை. ஆயினும், அவர் இன்றேல் அவ்வொப்பந்தம் இல்லை.

பிற்காலத்தில் உதுமானியப் பேரரசு சிலுவைக்குப் பதிலாகச் சிவப்புப் பிறையைத் தன் தொண்டர்களுக்குச் சின்னமாக்கியது. 1929இல் நாடுகள் அதனையும் முறையாக ஏற்றன. சின்னம் இரண்டாயினும் தொண்டு ஒன்றே.

வீழ்ச்சி

இத்துடன் கதையை முடித்துக்கொண்டால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால், பெரியோரின் வாழ்வை உள்ளவாறே சொல்வதுதான் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் நன்மை.

உலகத்து வேலையில் மூழ்கிய டுனாண்ட் தம் தொழிலைக் கவனிக்கத் தவறினார். அல்ஜீரிய ஆலை நொடித்தது. 1867இல் அவர் ஏறத்தாழ 10 இலட்சம் பிராங்கு கடனில் மூழ்கினார். அவரை நம்பிப் பணம் போட்ட நண்பர்களும் உறவினர்களும் இழப்புக்கு ஆளாயினர். முதலீட்டாளரைத் தெரிந்தே ஏமாற்றினார் என்று ஜெனிவா நீதிமன்றம் 1868இல் தீர்ப்பளித்தது. செஞ்சிலுவைக் குழுவிலிருந்து அவர் நீங்க நேர்ந்தது. மொய்னியேவும் அவரும் பகைத்துப் பிரிந்தனர். அன்புத் தாயாரும் அவ்வாண்டிலேயே மறைந்தார். பிறந்த நகரை விட்டுச் சென்ற டுனாண்ட், பின்னர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அங்குத் திரும்பவில்லை.

பேரரசர்களோடு உரையாடியவர் பாரிசு நகரில் ஒரு ரொட்டித் துண்டால் பசியாறினார். கறுப்புச் சட்டையின் வெளுத்த இடத்தில் மை பூசியும், அழுக்கேறிய கழுத்துப்பட்டையில் சுண்ணம் தடவியும் உடுத்தினார். இரவுகளில் புகைவண்டி நிலையத்தில் படுத்துறங்கியதும் உண்டு. அந்நிலையிலும் தொண்டை மறக்கவில்லை. 1870இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதியபோது பாரிசில் காயமுற்றோருக்கு உதவினார். போர்க்கைதிகளையும் காக்க ஒப்பந்தம் வேண்டும் என்று பேசிப் பேசி அலைந்தார். கேட்பார் குறைவு. உலகம் அவரை மறந்தது.

ஹைடன் ஊரும் நோபல் பரிசும்

1887இல் நோயும் வறுமையும் சூழ, சுவிட்சர்லாந்தின் கிழக்கே கான்ஸ்டன்ஸ் ஏரியை நோக்கிய மலைச்சாரலில் உள்ள ஹைடன் என்னும் ஊருக்கு டுனாண்ட் வந்து சேர்ந்தார். அவ்வூர் மருத்துவர் ஹெர்மன் ஆல்ட்ஹெர் அவரைப் பரிவோடு கவனித்தார். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் வில்ஹெல்ம் சோண்டெரெக்கர் அவரிடம் நட்புப் பூண்டார். 1890இல் அவ்வூரில் செஞ்சிலுவைக் கிளை ஒன்று தோன்றியது. உலகமே மறந்த ஒருவரை ஒரு சிற்றூர் மருத்துவரும் ஓர் ஆசிரியரும் ஆதரித்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. 1892இல் அவ்வூர் மருத்துவமனையில் ஓர் அறையில் குடியேறிய டுனாண்ட், இறுதி வரை அங்கேயே வாழ்ந்தார்.

1895இல் செய்தியாளர் ஒருவர் அவரைக் கண்டு எழுதிய கட்டுரை ஐரோப்பா எங்கும் பரவியது. இறந்துவிட்டார் என்று எண்ணப்பட்டவர் உயிரோடு இருக்கிறார் என்று அறிந்து மக்கள் வியந்தனர். வாழ்த்துகளும் உதவிகளும் வந்து குவிந்தன. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், உலகின் முதல் அமைதிக்கான நோபல் பரிசு டுனாண்டுக்கும் பிரான்சின் அமைதித் தொண்டர் பிரெடரிக் பாஸ்ஸிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அப்போது சிலர் ஒரு கேள்வி எழுப்பினர். போரில் காயமுற்றோருக்குக் கட்டுப் போடுவது அமைதியாகுமா? போரையே ஒழிப்பதன்றோ அமைதி? போரின் கொடுமையைக் குறைத்தால், போர் எளிதாகிவிடாதா? இக்கேள்வி நியாயமானதே. ஆனால், நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பகைவனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியும் என்பதையும், கொடும் போருக்கு நடுவிலும் மீறக் கூடாத எல்லை உண்டு என்பதையும் நாடுகள் ஏற்றுக்கொண்டது அங்கேதான். வீடு எரியும்போது, தீயே பிடிக்காத வீடு கட்டுவது எப்படி என்று ஆராய்ந்துகொண்டு நிற்பாரும் வேண்டும். உள்ளே அகப்பட்டவரைத் தூக்கி வருவாரும் வேண்டும். பாஸ்ஸி முதற்பணியைச் செய்தார். டுனாண்ட் இரண்டாம் பணியைச் செய்தார். பரிசை இருவருக்கும் பகிர்ந்தளித்தது பொருத்தமே என்பது நம் கருத்து.

பரிசுப் பணத்தில் டுனாண்ட் தமக்கென எதுவும் செலவிடவில்லை. 1910ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் அவர் கண்மூடினார். மொய்னியேவும் அதே ஆண்டு ஆகஸ்டில் மறைந்திருந்தார். உலகத்துப் பகைவர்களை ஒரே கூரையின் கீழ்க் கிடத்த வழி கண்ட அவ்விருவரும், தம்முள் சமாதானம் காணாமலே போயினர். சடங்கு எதுவும் இன்றித் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது டுனாண்டின் விருப்பம்; சூரிக் நகரில் அவ்வாறே அடக்கப்பட்டார். எஞ்சிய பொருளை அறப்பணிகளுக்கு எழுதி வைத்தார். ஹைடன் மருத்துவமனையில் ஏழை நோயாளிகளுக்காக ஒரு கட்டில் எந்நாளும் கட்டணமின்றி இருக்கவும் வழி செய்தார்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஐரோப்பாவில் எங்கோ நடந்த கதை இது என்று நம் தோட்டத்துப் பெரியோர் எண்ணலாகாது. இரண்டாம் உலகப் போரின்போது, சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை ஜப்பானியப் படை அமைத்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர் பல்லாயிரவர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். காய்ச்சலும் வாந்திபேதியும் பசியும் அவர்களை மாய்த்தன. தந்தையை இழந்த பிள்ளைகளும் கணவனை இழந்த மனைவியரும் நம் தோட்டங்கள் பலவற்றில் இருந்தனர். அந்நாளில் காயமுற்ற வீரர்களுக்கு ஒப்பந்தம் இருந்தது. போர்க்கைதிகளுக்கும் 1929இல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது. ஆயுதம் ஏந்தாத குடிமக்களுக்கெனத் தனி ஒப்பந்தம் இல்லை. அவர்கள் எண்ணப்படாமலே மாண்டனர்.

போர் முடிந்தபின், 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் நான்கு ஜெனிவா ஒப்பந்தங்கள் உருவாயின. அவற்றுள் நான்காவது, போர்க்காலத்தில் குடிமக்களைக் காப்பதற்கென்றே எழுதப்பட்டது. நம் நாடு 1962இல் இவ்வொப்பந்தங்களை ஏற்றது. இன்று உலகின் 196 அரசுகள் இவற்றை ஏற்றுள்ளன. ஏற்றோர் எல்லாரும் எந்நாளும் மீறாது நடக்கின்றனரா என்றால் இல்லை. ஆனால், விதி ஒன்று இருப்பதனால்தான் மீறியவனைக் குற்றவாளி என்று சுட்ட முடிகிறது. விதியே இல்லாத காலத்தில் நம் முன்னோர் பட்ட பாட்டை எண்ணும்போது, அவ்விதியின் அருமை நமக்குப் புலனாகிறது.

நம் நாட்டில் 1948இல் பிரித்தானியச் செஞ்சிலுவையின் கிளையாகத் தொடங்கிய சங்கம், 1975இல் மலேசியச் செம்பிறைச் சங்கம் என்னும் பெயரைப் பெற்றது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒருங்கே அதில் தொண்டாற்றுகின்றனர். இரத்தம் வேண்டி மருத்துவமனையில் கிடப்பவர், கொடுத்தவர் எந்த இனத்தவர் என்று கேட்பதில்லை. கொடுத்தவரும் அது எவருக்குப் போகிறது என்று கேட்பதில்லை. காஸ்டிலியோன் பெண்கள் கண்ட உண்மை அதுவேயன்றோ?

மாணவச் செல்வங்களே! டுனாண்டிடமிருந்து நாம் கற்க வேண்டியவை சில உண்டு. மதிப்பெண் குறைந்தவன் எதற்கும் பயன்படான் என்று எண்ணுதல் தவறு. துன்பத்தைக் கண்டு கண்ணீர் விடுதல் மட்டும் போதாது. அடுத்த முறை அத்துன்பம் நேராதிருக்க என்ன செய்யலாம் என்று ஆராய்ந்து எழுதவும் பேசவும் வேண்டும். நற்பணியில் ஈடுபடுவோர் தம் கணக்கு வழக்கிலும் கண்ணாக இருத்தல் வேண்டும். நம்மை நம்பியவர் பொருளும் பொதுநலமே. வீழ்ந்தபின்னும் நல்ல எண்ணத்தைக் கைவிடலாகாது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் பள்ளியின் செம்பிறைச் சங்கத்தில் சேர விரும்பினால் தடை சொல்லாதீர்கள். வெட்டுக்காயத்திற்குக் கட்டுப் போடவும், பாம்பு கடித்தவரை அமைதிப்படுத்தி மருத்துவமனை சேர்க்கவும் தெரிந்த ஒரு பிள்ளை, தோட்டத்திற்கே காவல் ஆவான். அண்டை வீட்டாரோடு நேற்றுச் சண்டை இருந்தாலும், இன்று அவர் வீட்டில் நோய் என்றால் முதலில் நம் கால் அங்கே போக வேண்டும். நாடுகளுக்கிடையே அமைதி வளர்க்கும் வேலையின் முதற்படி அதுதான்.

ஆண்டுதோறும் மே மாதம் 8ஆம் நாள், டுனாண்ட் பிறந்த நாள், உலகச் செஞ்சிலுவை, செம்பிறை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் நாமும் அப்பெருமகனாரை நினைவு கூர்வோம். வாளி சுமந்து ஓடிய அந்தச் சிறுவர்களையும் உடன் நினைப்போம். அவர்கள் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. ஆயினும், அவர்கள் மொண்டு தந்த தண்ணீரில் பகைவன், நண்பன் என்ற வேற்றுமை இருக்கவில்லை.